மொழி தெரியாத நாட்டில் உள்ளூர்ச் செய்தியைப் பின்தொடர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒருமுறை இத்தாலியில் நான்கு நாளும் காலையில் ஒரு தேசிய நாளிதழின் முதல் பக்கத்தை மொழிபெயர்த்துப் படித்தேன். அமைச்சரவைக்குள் யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதெல்லாம் அத்துப்படி. ஐந்தாம் நாள் ரயில் நிலையத்துக்குப் போனால் வண்டி இல்லை, வேலைநிறுத்தம். ஒரு வாரம் முன்பே அறிவித்திருந்தார்கள். நான் படித்த பக்கத்தில் மட்டும் அது வரவில்லை.

அதற்குப் பிறகு, முதல்முறை வெளிநாடு போகும் பலருக்கு இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: நாட்டைப் புரிந்துகொள்ளப் படிப்பதுபோலத் தொடங்குகிறார்கள். பயணிக்குத் தேவை அதைவிடச் சின்னது. நாளைய திட்டம் நிற்குமா, நிற்காதா? கீழே உள்ள வரிசை அந்தக் கேள்விக்காக அமைத்தது. கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம், போன பிறகு தினமும் கால் மணி நேரம் போதும்.

1. முதலில் உங்கள் கேள்விகளை எழுதுங்கள்

பயணத் திட்டத்தை எடுத்து, எது தவறினால் உங்களுக்கு நட்டம் என்று குறியுங்கள். இந்தத் தேதியில் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு ரயில், இந்தத் தேதியில் படகு, இந்தத் தேதியில் மலைப்பாதை. ஐந்தாறு வரிக்கு மேல் வராது.

இதை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. எந்த ஊர்ப் பெயரைத் தேட வேண்டும், எந்தப் போக்குவரத்தைக் கவனிக்க வேண்டும் என்பதை இந்தப் பட்டியல்தான் சொல்லும். பட்டியல் இல்லாதவர்கள் செய்திக் கடலில் இறங்கி, சுவாரசியமானதைப் படித்துவிட்டுத் தேவையானதை விட்டுவிடுகிறார்கள்.

2. இருபது சொற்களை உருவத்தால் அறியுங்கள்

மொழி கற்கச் சொல்லவில்லை. இருபது சொற்களைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தால் போதும்: வேலைநிறுத்தம், ரத்து, தாமதம், மூடப்பட்டது, வெளியேற்றம், வெள்ளம், புயல், நிலநடுக்கம், தீ, ஊர்வலம், பொது விடுமுறை, இன்று, நாளை, வாரத்தின் ஏழு நாள்கள். இவற்றோடு நீங்கள் போகும் ஊர்களின் பெயர்.

போனின் குறிப்பேட்டில் மூன்று நெடுவரிசை போட்டு ஒரு சொல் அட்டை தயாரியுங்கள். முதலில் அந்த மொழியின் எழுத்திலேயே சொல், அடுத்து தமிழில் ஒலி, பிறகு பொருள். மூல எழுத்து அவசியம், ஏனென்றால் தேடுபெட்டியில் ஒட்டப்போவது அதைத்தான். தமிழில் ஒலியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு நிலையத்தின் பலகைமுன் விழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அகராதியில் தேடுவதைவிட நல்ல வழி விக்கிப்பீடியா. தெரிந்த மொழியில் 'வேலைநிறுத்தம்' கட்டுரையைத் திறந்து, அந்த நாட்டு மொழிக்கு மாறுங்கள். தலைப்பில் வருவதுதான் அங்கே புழங்கும் சொல். இத்தாலியில் ஷோப்பெரோ, பிரான்சில் கிரெவ், ஸ்பெயினில் உவெல்கா. ஊர்ப் பெயரையும் இப்படியே எடுங்கள்.

அப்புறம், அகராதிப் பொருள் ஏமாற்றும் சொற்கள் உண்டு. பிரெஞ்சில் ரயில் பலகையில் 'சுப்ரிமே', இத்தாலியில் 'சொப்ப்ரெஸ்ஸோ' என்றால் நீக்கமோ ஒடுக்குமுறையோ அல்ல, வண்டி ரத்து. ஸ்பானிய மொழியில் 'பாரோ' என்பது வேலையின்மைக்கும் வேலைநிறுத்தத்துக்கும் ஒரே சொல். 'பாரோ உயர்ந்தது' என்ற தலைப்பைப் பார்த்துப் பயணத்தை மாற்ற வேண்டியதில்லை. அதே மொழியில் பாலத்தைக் குறிக்கும் 'புவெந்தே', பொது விடுமுறையையும் வார இறுதியையும் இணைத்து எடுக்கும் நீண்ட விடுப்பையும் குறிக்கும். பாலம் எதுவும் இடிந்திருக்காது, சாலைதான் நெரியும்.

ஜப்பானில் 'உன்தென் மியாவாசே' என்று திரையில் வந்தால், மொழிபெயர்ப்பு எதையாவது உளறினாலும் சரி, அந்தத் தடத்தில் வண்டி ஓடவில்லை என்று பொருள். 'கெய்காக்கு உன்க்யூ' என்றால் புயல், பனி முதலியவற்றை முன்னிட்டு ரயிலை முன்கூட்டியே அறிவித்து நிறுத்துவது. இந்த இரண்டாவது சொல் தெரிந்திருந்தால் ஒரு நாள் முன்னதாகவே ஊர் மாறிவிடலாம்.

3. மூன்றே மூன்று ஊற்றுகள்

தேசிய நாளிதழை விட்டுவிடுங்கள். தேர்ந்தெடுக்க வேண்டியவை இவை.

ஒன்று, வட்டாரச் செய்தி. பல நாடுகளில் பொது ஒலிபரப்பு நிறுவனத்துக்கு வட்டாரக் கிளைகள் உண்டு. இத்தாலியில் ராய் நிறுவனத்தின் டிஜிஆர், பிரான்சில் பிரான்ஸ் 3-இன் வட்டாரப் பதிப்புகள், ஜெர்மனியில் பவேரியாவுக்கு பிஆர், வடக்கே என்டிஆர், மேற்கே டபிள்யூடிஆர். இவை பெரும்பாலும் கட்டணமில்லாமல் படிக்கக் கிடைக்கும். உள்ளூர் நாளிதழ்கள் இன்னும் நுணுக்கமாக எழுதும், ஆனால் பாதிக் கட்டுரையில் சந்தா கேட்கும்.

இரண்டு, நீங்கள் ஏறப்போகும் போக்குவரத்து நிறுவனத்தின் சேவை நிலைப் பக்கம். இது செய்தியே அல்ல என்று பலர் ஒதுக்குகிறார்கள். பயணிக்கு இதைவிடப் பெரிய செய்தி கிடையாது. இத்தாலியின் போக்குவரத்து அமைச்சகம் வரவிருக்கும் வேலைநிறுத்தங்களைத் தேதிவாரியாகப் பட்டியலே போடுகிறது.

மூன்று, அந்த நாட்டின் வானிலைத் துறை. ஐரோப்பாவில் மீட்டியோஅலாரம் என்ற தளம் பல நாட்டு எச்சரிக்கைகளை ஒரே வண்ண வரைபடத்தில் காட்டும்.

ஆங்கிலத்தில் வரும் தளங்கள் போதாதா என்று கேட்பார்கள். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே நடத்தும் என்எச்கே வேர்ல்ட் போன்றவை நல்லவைதான். ஆனால் உலகத்துக்காக எழுதும் செய்தியில் உங்கள் கிளைத் தட ரயில் நின்றது வராது. அவற்றைப் பின்னணி அறிய வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றுகளை ஐந்தாறாக்கவும் வேண்டாம், மூன்றாம் நாளே பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

4. போனைத் தயார் செய்யுங்கள்

மொழிபெயர்ப்புச் செயலியில் அந்த மொழியின் தொகுப்பை வீட்டிலேயே தரவிறக்குங்கள். அவசரம் வரும் நேரத்தில்தான் இணையம் திணறும். கேமராவால் எழுத்தைப் படிக்கும் வசதி இணையம் இல்லாமல் அந்த மொழிக்கு வேலை செய்கிறதா என்று போனை ஏரோபிளேன் மோடில் போட்டுச் சோதித்துப் பாருங்கள்.

அந்த மொழியின் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு ஊர்ப் பெயரைத் திருத்த அது உதவும்.

உலாவியில் மூன்று ஊற்றுகளையும் புத்தகக்குறியாக வையுங்கள். செய்தித் திரட்டிச் செயலியில் நாட்டுப் பதிப்பை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அந்த நாட்டைப் பற்றி உங்கள் நாட்டினர் எழுதியதுதான் வந்துகொண்டிருக்கும்.

அடுத்தது அபாய எச்சரிக்கைகள். பல நாடுகளில் கைபேசிக் கோபுரத்திலிருந்து அந்தப் பகுதியில் உள்ள எல்லாப் போன்களுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை போகும். இதற்கு எண் பதிவும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். ஆனால் அமைப்புகளில் அணைத்து வைத்திருந்தால் வராது, வேறு நாட்டில் வாங்கிய போனில் எல்லா நிலை எச்சரிக்கையும் வரும் என்றும் நம்ப முடியாது. ஆகவே அரசு சார்ந்த செயலி ஒன்றையும் போட்டுக்கொள்ளுங்கள்: ஜப்பானுக்கு சேஃப்டி டிப்ஸ், ஜெர்மனிக்கு நீனா. இரண்டும் வேற்று மொழிகளிலும் இயங்கும்.

5. எண், தேதி, ஊர்ப்பெயர்: இங்கேதான் வழுக்கும்

மொழிபெயர்ப்பு இயந்திரம் சொற்களை மாற்றும், கணக்கு முறையை மாற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

தேதி: 03/04 என்பது அமெரிக்காவில் மார்ச் 4, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் ஏப்ரல் 3. தாய்லாந்தில் ஆண்டு 543 கூடுதலாக வரும், 2025 அங்கே 2568. ஜப்பானில் பேரரசரின் ஆட்சிக் கணக்குப்படி அதே ஆண்டு ரெய்வா 7. ஆண்டு பிடிபடாவிட்டால் பழைய செய்தியைப் புதிது என்று நினைத்துவிடுவோம்.

நேரம்: ஜெர்மனில் 'ஹால்ப் திரை' என்றால் சொல்லுக்குச் சொல் 'பாதி மூன்று', ஆனால் நேரம் இரண்டரை. மூன்றரை என்று போனவர்கள் உண்டு. ஜப்பானில் 25 மணி என்று எழுதியிருந்தால் அச்சுப்பிழை அல்ல, நள்ளிரவு தாண்டி ஒரு மணி. எத்தியோப்பியாவில் உள்ளூர்க் கடிகாரம் விடியலிலிருந்து எண்ணுவதால் ஆறு மணி நேரம் விலகும்.

அளவு: ஐரோப்பாவின் பல நாடுகளில் 1.500 என்பது ஆயிரத்து ஐந்நூறு, 1,5 என்பது ஒன்றரை. நிலநடுக்கச் செய்தியில் ஜப்பானியர் முதலில் சொல்வது ஷிந்தோ, அதாவது அந்தந்த ஊரில் உணரப்பட்ட அதிர்வு. அந்த அளவு 7-இல் முடிகிறது. நாம் கேட்டுப் பழகிய மேக்னிட்யூட், அதாவது நிலநடுக்கத்தின் மொத்த வலிமை, வேறு. 'ஷிந்தோ 6' என்பதை 'ஏதோ ஆறு ரிக்டர்' என்று படித்தால் அபாயத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம்.

நிறம்: மீட்டியோஅலாரம் வரைபடத்தில் சிவப்பு உச்சம். ஜப்பானின் ஐந்து நிலை எச்சரிக்கையில் சிவப்பு மூன்றாம் நிலைதான், அதற்கு மேல் ஊதா, அதற்கும் மேல் கறுப்பு. ஊதாவைப் பார்த்து 'சிவப்பு இல்லையே' என்று நிம்மதி அடைந்த ஒருவரை எனக்குத் தெரியும். நான்காம் நிலையிலேயே அபாயப் பகுதியில் உள்ள எல்லோரும் வெளியேறியிருக்க வேண்டும்.

பெயர்: இத்தாலியில் மோனக்கோ என்று எழுதியிருந்தால் அது மியூனிக் நகரமாகவும் இருக்கலாம். பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசுவோர் மோன்ஸ் என்பதை டச்சு பேசுவோர் பெர்கன் என்பார்கள். பிரான்சின் லீல் நகரம் டச்சில் ரைசெல். நார்வேயிலும் ஒரு பெர்கன் இருப்பது தனிக் கதை. ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் இரண்டு, ஒன்று மைன் ஆற்றங்கரையில், மற்றது போலந்து எல்லையில். புயலுக்கும் இந்தத் தொல்லை உண்டு. ஜப்பானியச் செய்தியில் புயலுக்குப் பெயர் வராது, அந்த ஆண்டின் வரிசை எண் வரும். உலகம் 2019 அக்டோபரில் ஹகிபிஸ் என்று பேசியது அங்கே 19-ஆம் எண் புயல்.

போகும் நாட்டுக்குப் பொருந்துவதை மட்டும் சொல் அட்டையின் அடியில் எழுதிக்கொள்ளுங்கள்.

6. போய்ச் சேர்ந்த நாள்

இடத்தை அடைந்ததும், ஊர்ப்பெயர் ஒன்றும் அட்டையிலுள்ள ஒரு சொல்லுமாக மூல எழுத்தில் தேடுங்கள். முடிவுகளைக் கடந்த 24 மணி நேரத்துக்குச் சுருக்குங்கள். தமிழிலோ ஆங்கிலத்திலோ தேடினால் பயணக் கட்டுரைகள்தான் குவியும்.

தங்குமிட வரவேற்பாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "இந்த ஊர்க்காரர்கள் வண்டி ஓடுமா என்று எதில் பார்ப்பார்கள்?" பெரும்பாலும் நீங்கள் கேள்விப்படாத ஒரு செயலியையோ பக்கத்தையோ காட்டுவார்கள். வீட்டில் தேர்ந்தெடுத்த மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டு இதை வையுங்கள். இந்த ஒரு படியைக் கூச்சப்பட்டுத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம்.

7. தினமும் மாலையில் பாருங்கள், காலையில் அல்ல

காலையில் செய்தி படிப்பது நம் பழக்கம். பயணத்தில் அது தாமதம். நாளைய தகவல் பல இடங்களில் இன்று மாலையே வந்துவிடும். பிரான்சில் ரயில் வேலைநிறுத்தம் என்றால் எந்த வண்டி ஓடும் என்ற பட்டியல் முந்தைய நாள் மாலை 5 மணிக்கு வெளியாகும். தைவானில் புயல் வரும்போது அலுவலகம், பள்ளி மூடலை ஒவ்வொரு நகர, மாவட்ட நிர்வாகமும் தனித்தனியாக, பெரும்பாலும் முந்தைய இரவே அறிவிக்கும். மாலையில் தெரிந்தால் மாற்று வழி தேடலாம். காலையில் தெரிந்தால் வரிசையில் நிற்கலாம்.

வரிசை இப்படி: முதலில் போக்குவரத்துப் பக்கம், அடுத்து வானிலை, கடைசியில் வட்டாரச் செய்தியின் தலைப்புகள். உறுதியானதிலிருந்து தெளிவில்லாததற்குப் போகிறோம். தலைப்புகளில் தொடங்கினால் ஏதோ ஒரு குற்றச் செய்தியில் மாட்டிக்கொண்டு கால் மணி நேரமும் போய்விடும்.

காலையில் கிளம்பும் முன் போக்குவரத்துப் பக்கத்தை மட்டும் இரண்டு நிமிடம் மறுபடி பாருங்கள்.

வேலைநிறுத்தம் என்று தெரிந்தால் உடனே பயணச்சீட்டை ரத்து செய்யாதீர்கள். இத்தாலியில் வேலை நாள்களில் வேலைநிறுத்தம் நடந்தாலும் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்களில் குறிப்பிட்ட வண்டிகள் ஓடியாக வேண்டும். ஸ்பெயினில் குறைந்தபட்சச் சேவை என்று ஒன்றை முன்பே நிர்ணயிப்பார்கள். தலைப்பு 'ரயில்கள் நிற்கும்' என்று சொல்லும், இந்த விவரம் ஏழாவது பத்தியில் இருக்கும். ஆகவே பயணத்தைத் தொடும் கட்டுரையை மட்டும் கடைசி வரி வரை படியுங்கள்.

8. மொழிபெயர்ப்பைச் சந்தேகத்தோடு படியுங்கள்

இந்தப் படிதான் அனுபவத்தால் வருவது. சில இடங்களில் எப்போதும் நின்று நிதானியுங்கள்.

முதலாவது 'ஆம்'. தமிழில் 'வந்தார்' வேறு, 'வந்தாராம்' வேறு. ஒரே விகுதியில் பொறுப்பைத் தட்டிக் கழித்துவிடலாம். பிரெஞ்சுச் செய்தியில் இந்த வேலையை ஒரு வினைவடிவம் செய்கிறது: 'ஒரே' என்று ஒலிக்கும் துணைவினை வந்தால், அப்படிச் சொல்கிறார்கள், உறுதியாகவில்லை என்று பொருள். ஜெர்மனிலும் துருக்கியிலும் இதற்குத் தனி வடிவங்கள் உண்டு. ஜப்பானியத்தில் வாக்கிய முடிவில் 'தோ மிராரேரு' என்று வரும். மொழிபெயர்ப்பில் இது கரைந்து, 'சுட்டாராம்' என்பது 'சுட்டார்' ஆகிவிடும், அல்லது 'சுட்டிருப்பார்' என்று வேறு ஏதோ ஆகிவிடும். யார் செய்தார், எத்தனை பேர், ஏன் என்பதையெல்லாம் முதல் நாள் செய்தியில் 'ஆம்' சேர்த்தே படியுங்கள்.

இரண்டாவது, பின்னணி தெரியாத தலைப்பு. ஜெர்மன் நகரத்தில் 'குண்டு கண்டெடுப்பு, ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றம்' என்று வந்தால் நெஞ்சு படபடக்கும். பக்கத்தில் 'எண்ட்ஷேர்ஃபுங்', அதாவது செயலிழக்கச் செய்தல், என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் வீசப்பட்டு வெடிக்காமல் மண்ணில் கிடந்த குண்டைக் கட்டட வேலையில் தோண்டி எடுத்திருப்பார்கள். சுற்றுப்புறத்தை மூடி, செயலிழக்கச் செய்து, மறுபடி திறப்பார்கள். ரயில் நிலையம் அந்த வட்டத்துக்குள் வருகிறதா என்பதுதான் உங்கள் கேள்வி.

மூன்றாவது, 'இன்று', 'நாளை', 'வியாழன்'. இவை கட்டுரை வெளியான நாளிலிருந்து கணக்காகும், நீங்கள் படிக்கும் நாளிலிருந்து அல்ல. கட்டுரைத் தேதியைப் பார்த்து, கிழமையை நாள்காட்டியில் பொருத்துங்கள். 'திருத்தப்பட்டது' என்ற தேதி வேறு, 'வெளியானது' வேறு.

நான்காவது, பிரெஞ்சில் 'மனிஃபெஸ்தாசியோன்'. ஆர்ப்பாட்டமும் அதுதான், கலை விழாவும் அதுதான். இடத்தையும் நேரத்தையும் பாருங்கள்.

ஐயம் வந்தால் அதே பத்தியைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனியாக மாற்றுங்கள். இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் எடுத்து அகராதியில் பாருங்கள், அல்லது யாரிடமாவது காட்டுங்கள். காட்டும்போது "இது என்ன?" என்று கேட்காதீர்கள், நீண்ட அரசியல் விளக்கம் கிடைக்கும். "நாளை காலை நான் இந்த ஊருக்குப் போக இது தடையா?" என்று கேளுங்கள்.

9. எச்சரிக்கை ஒலி வந்தால்

போன் அலறும், திரையில் புரியாத எழுத்து வரும். கை தானாகப் பொத்தானை அழுத்தப் போகும். அழுத்தாதீர்கள், முதலில் ஸ்கிரீன்ஷாட். பல போன்களில் அழுத்தியதும் செய்தி திரையைவிட்டுப் போய்விடும், பிறகு எங்கே தேடுவது என்று தெரியாது. படத்தை மொழிபெயர்ப்பில் கொடுங்கள்.

நிலநடுக்கம், சுனாமி வரும் நாடுகளில் இந்த ஒழுங்கு செல்லாது. அங்கே மொழிபெயர்க்க நேரமில்லை. சுற்றியிருப்பவர்கள் செய்வதைச் செய்யுங்கள், கடற்கரையில் இருந்தால் மேட்டுக்கு ஓடுங்கள், படிப்பது அப்புறம்.

சோதனை ஒலிகளையும் அறிந்து வையுங்கள். பிரான்சில் மாதத்தின் முதல் புதன் நண்பகலில் பல ஊர்களில் சங்கு ஊதும், நெதர்லாந்தில் முதல் திங்கள் நண்பகலில். யாரும் தலை நிமிரவில்லை என்றால் சோதனைதான்.

10. பரப்புவதற்கு முன்

அதிர்ச்சியான காணொளி வந்தால் உங்கள் மூன்று ஊற்றுகளில் இரண்டிலாவது அது இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் குடும்பக் குழுவில் போடாதீர்கள். ஊரில் இருப்பவர்கள் பதறுவது ஒருபுறம், சிங்கப்பூர் போன்ற நாடுகளில் பொய்த் தகவலைப் பரப்புவதற்கு எதிராகச் சட்டமே உண்டு. ஊர்வலம் என்று படித்துவிட்டு வேடிக்கை பார்க்கவும் போகாதீர்கள். ஊர்வலப் பாதை செய்தியில் வருவது, அந்தத் தெருவைத் தவிர்க்கத்தான்.

11. ஒரு மாதத்துக்கு மேல் தங்கினால்

எளிய மொழிச் செய்திகளுக்கு மாறுங்கள். பிரெஞ்சில் ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சுச் செய்தியறிக்கை ஒன்றை ஒலிபரப்புகிறது. ஜெர்மனில் டாய்ச்ச வெல்ல நிறுவனம் மெதுவாக வாசிக்கும் செய்தியை எழுத்தோடு தருகிறது. பின்லாந்தில் யிலே ஒலிபரப்பு நிறுவனத்தின் செல்கோ (எளிய மொழி) செய்தி, ஜப்பானில் என்எச்கேயின் எளிய ஜப்பானியச் செய்தி உண்டு. இவற்றில் வாக்கியம் குறுகியது என்பதால் இயந்திர மொழிபெயர்ப்பும் குறைவாகவே தடுமாறும். அதே செய்தியை ஒருமுறை மூலத்தில் கேட்டு, ஒருமுறை மொழிபெயர்ப்பில் படியுங்கள்.

12. ஊர் மாறும்போதும் திரும்பும்போதும்

ஊர் மாறினால் ஆறாம் படியை மறுபடி செய்யுங்கள். வட்டார ஊற்று மாறிவிடும், சில நாடுகளில் மொழியே மாறிவிடும். முந்தைய ஊரின் எச்சரிக்கை அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எங்கோ பெய்யும் மழைக்கு இங்கே நடுங்குவீர்கள்.

திரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்து விமான நிலையத்தையும், அங்கே போகும் ரயிலையும், வழியில் இறங்கி மாறும் நகரத்தையும் தனித்தனியாகத் தேடுங்கள். விமானம் நேரத்துக்குக் கிளம்பி, விமான நிலையத்துக்குப் போகும் ரயில் ஓடாமல் போவது அடிக்கடி நடப்பதுதான்.